வாசலை அளந்த சணல்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிதம்பரநாதன் வீட்டுக் கூடத்தில் ஏழு சணல் கயிறுகள் தரையில் கிடந்தன. பலவற்றில் முடிச்சுகள். எல்லாவற்றிலும் மஞ்சள் கறை.

"இது என்னன்னு கேளுங்கப்பா… உங்க மருமகள இப்பவே கேளுங்க!"

சத்தம் போட்டவள் யசோதினி. அந்த வீட்டின் ஒரே மகள், பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் மகள் கௌசிகாவுக்கு நாளை பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று, நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு முதல் நாள்தான் வந்திருந்தாள். அண்ணியின் அறையில் போர்வை தேடப் போன கைக்கு, மெத்தையின் அடியில் இந்தக் கயிறுகள் அகப்பட்டுவிட்டன.

லீலா சமையலறை வாசலில் தன் சக்கர நாற்காலியில் இருந்தாள். மடியில் தட்டு, தட்டில் கௌசிகாவுக்காகச் சுட்ட தோசை. கயிறுகளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அதையும் யசோதினி கவனித்துவிட்டாள்.

"பாருங்கப்பா மொகத்த! மஞ்சள்… முடிச்சு… மெத்தைக்கடியில ஒளிச்சு வேற வச்சிருக்காங்க. எம் புள்ளைக்கு ரெண்டு கெழமையா காய்ச்சல் விட்டு விட்டு வருது. டொக்டர் ஒண்ணுமில்லைங்கிறார். ஏன் வருதுன்னு இப்பல்ல தெரியுது!"

"யசோ, சத்தத்தைக் குறை. இது வீடு" என்றார் சிதம்பரநாதன்.

பதுளை பஜாரில் மூன்று தலைமுறையாக மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்யும் குடும்பம் அது. எழுபத்திரண்டு வயதிலும் சிதம்பரநாதன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அவர் குரல் உயர்ந்ததையும் கேட்டதில்லை. உயராத அந்தக் குரலுக்குத்தான் வீடு முழுவதும் பயந்தது.

"லீலா, இது என்ன?"

"மாமா… நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. இன்னைக்குப் பகல் வரைக்கும் பொறுத்துக்குங்க. நானே சொல்றேன்."

"பகல்ல சொல்றத இப்ப சொல்றதுக்கு என்ன?"

லீலாவின் பார்வை மேசைப் பக்கம் போனது. வெள்ளைச் சீருடையில், ஒரு பின்னல் போட்டும் மறு பின்னல் போடாமலும் கௌசிகா நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயது அஜந்தன். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"சொல்ல மாட்டாங்க!" யசோதினி விடவில்லை. "நான் சொல்றேன். உங்க மருமக பின்பக்கத்தால, சாமான் எறக்குற பலகையில உருண்டு போயி, றவூப் நானாட திரீவீலர்ல ஏறி ஊர் சுத்துறாங்க. ஒரு வாட்டியில்ல, நாலு வாட்டி. பக்கத்துக் கடைக்காரங்களே பாத்திருக்காங்க. எந்த மந்திரவாதிக்கிட்டப் போனீங்க அண்ணி? எம் புள்ள உங்களுக்கு என்ன செஞ்சான்?"

என்ன செஞ்சான்… அந்தக் கேள்வியை யசோதினி கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகு அவளே ஒரு கணம் திகைத்து நின்றாள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால், மழை பெய்த ஒரு மாலையில், யசோதினியின் ஆறு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லீலா வீட்டின் முன்வாசலில் இறங்கினாள். சிதம்பரநாதனின் தகப்பனார் பதித்த நான்கு கருங்கல் படிகள். பாசி பிடித்திருந்த இரண்டாவது படியில் கால் வழுக்கியது. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு லீலா மல்லாந்து விழுந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. லீலாவுக்கு முதுகெலும்பு. அதன் பிறகு அவள் கால்கள் அவளுடையவை அல்ல.

அந்த நாளைப் பற்றி லீலா ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாமல் இருந்ததே யசோதினிக்குப் பெரிய தண்டனையாகிவிட்டது. ஒருவரிடம் பட்ட கடனை நினைக்க நினைக்க அவர் மேலேயே வெறுப்பு வளரும் மனங்கள் உண்டு. யசோதினியினுடையது அப்படிப்பட்ட மனம். கெட்ட மனம் என்று சொல்லிவிட முடியாது.

"அம்மா…" கௌசிகாவின் குரல். "அத்தை சொல்றது நெசமா? நீங்க வெளிய போனீங்களா?"

பொய் சொல்ல லீலாவுக்கு வாய் வரவில்லை. "போனேன் செல்லம்."

"நாங்க கூப்பிட்டா மட்டும் தலைவலிம்பீங்க. பார்க்குக்குக் கூப்பிட்டோம், தலைவலி. ரயில் பாக்கக் கூப்பிட்டோம், தலைவலி. தம்பி அழுதான், அப்பவும் தலைவலி. அப்ப… எங்களோட வர்றதுக்குத்தாம்மா உங்களுக்குத் தலைவலி!"

தோசையைத் தொடாமல், ஒற்றைப் பின்னலோடு, தம்பியை இழுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். லீலா தட்டை மூடி மேசையில் வைத்தாள்.

சிதம்பரநாதன் குனிந்து கயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டினார்.

"பகல் பூசை முடிஞ்சதும் இத ஆத்துல விட்டுர்றேன். நீ என்ன செஞ்சேன்னு நான் ஊரக் கேக்கப் போறதில்ல. ஆனா என் வீட்ல ரகசியத்துக்கு எடமில்ல." ஸ்டோர்ப் பக்கத்துப் பின்கதவைத் தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். "இந்த வீட்டு மருமக, சாக்கு மூட்டை மாதிரி பின்சந்து வழியாப் போகப்படாது. போனா முன்வாசலாலதான் போகணும்."

மருமகளின் மரியாதையைக் காப்பாற்றுவதாகவே அவர் நினைத்தார். அந்த முன்வாசலில் நான்கு படிகள் இருப்பது அந்த நேரம் அவர் நினைவில் இல்லை. அவருக்கு அவை படிகளே அல்ல, தகப்பனாரின் கைவேலை.

*

ஏன் லீலா வாய் திறக்கவில்லை?

விழுந்த மறு வருடம், பிள்ளைகளை இரண்டு முறை வெளியே கூட்டிப் போவதாகச் சொன்னாள். முதல் முறை ஒரு பூங்கா. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நுழையும் ஒடுக்கமான இரும்புக் கதவு, நாற்காலி நுழையவில்லை. பிள்ளைகள் உள்ளே போகாமல், அவள் பக்கத்திலேயே கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றார்கள். இரண்டாவது முறை ஒரு மண்டபத்தில் சிறுவர் நிகழ்ச்சி. இருபது படிகள். தெரியாத நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். நடுவழியில் ஒருவரின் பிடி நழுவ, நாற்காலி சாய்ந்து, அவள் சேலை கலைந்தது. யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒன்பது வயதுக் கௌசிகா ஓடிப்போய் அம்மாவின் கால்களைத் தன் பாவாடையால் மூடிக்கொண்டு கதறினாள்.

அன்று மாலை சிதம்பரநாதன் சொன்னார்: "இனிமே என் மருமகள வெளி ஆள் யாரும் தூக்கப்படாது." வீடு அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அவளை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. போகும் இடத்திலிருந்து அவளுக்கென்று ஒரு பார்சல் மட்டும் தவறாமல் வரும். அதுதான் அந்த வீட்டின் மரியாதை. பிள்ளைகள் மட்டும் விடாமல் கூப்பிட்டார்கள். அவள் தலைவலி என்றாள். தன்னால் அவர்களுக்கு இன்னொரு முறை அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு.

இந்த வருடம் அஜந்தன் படுக்கையில் கேட்டான்: "எங்க வகுப்புல எல்லாரும் அம்மாவோட படம் வரைஞ்சாங்க. பார்க்குல, ஊஞ்சல்ல. நான் எங்கம்மாவ ஜன்னல்ல வரைஞ்சேன். சரிதானேம்மா?"

அடுத்த வாரமே லீலா பின்வாசல் வழியாகப் புறப்பட்டாள். இந்த முறை முதலில் அளந்து பார்ப்பாள். எந்தக் கதவில் நாற்காலி நுழையும், எங்கே எத்தனை படி, எங்கே கழிவறை, யாரைக் கேட்டால் கதவு திறக்கும் என்று எல்லாம் தெரிந்த பிறகுதான் பிள்ளைகளிடம் வாய் திறப்பாள். கடைசியாக ஒரு பதில் பாக்கி இருந்தது: பதுளை ஸ்டேசனிலிருந்து தெமோதரைக்குப் போகும் ரயிலில், கார்டின் பெட்டியில் நாற்காலியை ஏற்றிக்கொள்வார்களா? அந்தப் பதில் றவூப் நானா மூலம் இன்று காலைதான் வர இருந்தது. இல்லை என்று வந்துவிட்டால்? வீட்டில் ஒருவருக்குச் சொன்னாலும் பிள்ளைகள் காதுக்குப் போய்விடும். ஆசையைக் காட்டிவிட்டு மூன்றாம் முறையும் ஏமாற்றுவதா? அதைவிடச் சூனியக்காரி என்ற பெயரோடு பகல் வரை இருந்துவிடலாம் என்று அந்தத் தாய் நினைத்தாள்.

*

எட்டரைக்கு இராக்கம்மா வந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இந்த வீட்டு வேலை பார்ப்பவள். முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு இன்னும் நேராகவே இருந்தது.

"பனியில பஸ்ஸு ஊர்ந்துதாம்மா வந்துச்சு… அய்யய்யோ, ஏன் அழுவுறீங்க?"

லீலா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க இராக்கம்மாவின் வாய் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது.

"எங்கயிறையா! எங்கயிற ஆத்துல விடப் போறாரா!"

"இராக்கம்மா, வேணாம்… பொறு…"

இராக்கம்மா பொறுக்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் அப்படியே கேட்கும். லீலா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் உருட்டினாள்.

"பெரியய்யா, அந்தப் பொட்டலத்தக் குடுங்க."

"எதுக்கு?"

"அது எங்கயிறுங்க. நான் கட்டின முடிச்சுங்க."

"நீயா?" அவர் குரல் இறுகியது. "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நீயா இந்த வேலை பாத்தே?"

"ஆமாங்க, நாந்தான் பாத்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கொப்பியில எழுதியிருப்பேன், நீங்களும் இப்படிப் பொட்டலம் கட்டியிருக்க மாட்டீங்க. லீலாம்மாவ எடத்துக்கு எடம் எறக்கி ஏத்த முடியுமா? அவங்க திரீவீலர்லயே இருப்பாங்க, நான் எறங்கிப் போயி கதவ அளப்பேன். கயிறு நீளம், கதவு அகலம். எத்தன படியோ அத்தன முடிச்சு. இந்தா, முடிச்சே இல்லாத இந்தக் கயிறு, இதுதான் நாற்காலியோட அகலம். மத்தது இதவிட நீளமா இருந்தா அம்மா நொழையலாம், கட்டையா இருந்தா நொழைய முடியாது. இதுல என்னங்க சூனியம் இருக்கு?"

"மஞ்சள்?"

"உங்க மஞ்சச் சாக்குல உரிச்ச சணலுங்க, பெரியய்யா! உங்க ஸ்டோர்ல வேற என்ன கெடைக்கும், பட்டு நூலா?"

கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார்.

"எதுக்காக அளந்தீங்க?" சிதம்பரநாதனின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்குக் கௌசிப் பாப்பாவுக்குப் பொறந்தநாளு. ரெண்டு புள்ளைகளையும் அவங்கம்மா வெளிய கூட்டிக்கிட்டுப் போவணும்னு… ஒரு தடவையாச்சும்… யாரும் தூக்காம, யாரும் படம் புடிக்காம… தெமோதரைக்கு நானே லீவு நாள்ல பஸ் ஏறிப் போயி அளந்துட்டு வந்தேங்க. அந்தக் கயிறும் இந்தப் பொட்டலத்துலதான் இருக்கு."

பொட்டலம் பிரியும் ஓசை.

"றவூப் எங்க?"

"பின்சந்துல ஹோர்ன் அடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. நீங்க பூட்டின கதவுக்கு முன்னால."

நாற்காலி நகரும் ஓசை. கைத்தடியின் ஓசை. சற்றைக்கெல்லாம் சந்தில் திரீவீலர் உறுமிக் கிளம்பியது. அவர் எங்கே போனார், ஆற்றுக்கா? லீலாவுக்குத் தெரியவில்லை. கண்களை மூடி, இதுவரை உதவிய ஒவ்வொருவரையும் நினைத்துக் கும்பிட்டாள். நடக்காமலே போனாலும், அவளுக்காக ஒருத்தி மஞ்சள் சாக்கின் சணலை உரித்து ஊரெல்லாம் முடிச்சுப் போட்டிருக்கிறாள். அதுவே பெரிதாகத் தோன்றியது.

*

இரண்டு மணிக்கு அவர் திரும்பி வந்தார். வெள்ளை வேட்டியின் ஓரம் முழுவதும் சேறு. முழங்கால்களிலும் சேறு. பின்னால் திரீவீலர்க்கார றவூப் நானா, அவருக்குப் பின்னால் இராக்கம்மா. சத்தம் கேட்டு யசோதினியும் கூடத்துக்கு வந்தாள்.

சிதம்பரநாதன் உட்காரவில்லை. மருமகளின் முன்னால் நின்றார்.

"எல்லா எடத்துக்கும் போனேன் லீலா. ஒவ்வொரு கதவுலயும் நானே கயித்தப் புடிச்சுப் பாத்தேன்." கையிலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தார். "இது றமீலாவோட ஐஸ்கிரீம் கடை. கதவு நாலு விரக்கட கூட. ஒரு படி. அந்த ஒரு படிக்கு அந்தப் புள்ள சிமெந்து பூசிச் சரிவு வச்சிருக்கு. 'லீலா ராத்தா வந்து கேட்டாங்க ஐயா, கேக்காத வரைக்கும் எங்களுக்கே இது தெரியலையே'ன்னுச்சு. இது பூங்கா. ஒடுக்கமான கதவுக்குப் பக்கத்துல புல்லு வெட்டுற வண்டி போற கேட் ஒண்ணு இருக்கு. காவக்காரன் அதோட சாவியத் தனியா எடுத்து வச்சிருக்கான். 'நோனா நாளைக்கு வருவாங்களா?'ன்னு எங்கிட்டக் கேக்குறான். எனக்குத் தெரியாதே! என் வீட்டு ஆளப் பத்தி அவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல…"

"மாமா…"

"இந்த ரெண்டு கயிறும் கட்டை. அந்த எடத்துக்கெல்லாம் போறதில்லைன்னு நீயே ஒதுக்கிட்டே." கடைசிக் கயிற்றையும் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஸ்டேசன்ல கார்ட் மஹத்தயாவ நானே பாத்தேன். பெட்டியில எடம் இருக்காம். பிளாட்போமுக்கும் பெட்டிக்கும் நடுவுல போட ஒரு பலகை நாங்களே கொண்டு வந்தா, நாளைக்குக் காலை வண்டியில ஏத்திக்குவாராம்."

"ஏத்திக்குவாங்களா மாமா? நெசமாவா?" லீலா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நானும் கார்டுக்கிட்டக் கேட்டுட்டுத்தான் இருந்தேன் மொதலாளி" என்றார் றவூப் நானா, வாசலில் நின்றபடியே. "லீலா மகள் போற ஒவ்வொரு நாளும் இதத்தான் சொல்லும். 'நானா, புள்ளைகளுக்குச் சொல்லிராதீங்க, நடக்காட்டி மனசு ஒடஞ்சிரும்.' அதுதான் நான் வாயே தொறக்கல்ல."

யசோதினி அப்படியே தரையில் சரிந்தாள். லீலாவின் அசையாத கால்களைக் கட்டிக்கொண்டு குமுறினாள்.

"அண்ணி… என்ன மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல. உங்க மொகத்தப் பாக்குறப்பல்லாம் அந்தப் படிதான் தெரியுது. எம் புள்ளையால நீங்க இப்படி… நீங்க என்னத் திட்டியிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன். ஒரு வார்த்தை திட்டலையே அண்ணி! நீங்க சபிச்சுத்தான் இருக்கணும்னு நானே நெனச்சிக்கிட்டேன்…"

லீலா அவள் தலையைத் தடவினாள். "பைத்தியம். அன்னைக்கு என் கையில இருந்தது உன் புள்ளைன்னு நான் நெனைக்கவே இல்லடி. நம்ம புள்ளைன்னுதான் நெனச்சேன். அவன் ஓடுறதப் பாக்குறப்பல்லாம் எனக்குச் சந்தோசம்தான். அவனையும் நாளைக்குக் கூட்டிட்டு வா."

இரண்டு பெண்களும் அழுதார்கள். இராக்கம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

சிதம்பரநாதன் அங்கே இல்லை.

முன்வாசலில் அவர் குரல் கேட்டது. "இராக்கம்மா, மூணு முழம் சணல் கொண்டா." லீலா நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். தன் தகப்பனார் பதித்த வாசலில் அந்த மனிதர் முழங்காலிட்டிருந்தார். பஜார் முழுவதும் பார்க்கும் வாசல். கதவின் அகலத்துக்குக் கயிற்றைப் பிடித்தார். பிறகு படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொரு முடிச்சாகப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"ஊர்ல எல்லா வாசலையும் அளந்தீங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இந்த வாசலை ஏன்மா அளக்கல?"

லீலா நாற்காலியை வாசல் விளிம்பு வரை உருட்டினாள்.

"நான் அளக்க விட்டிருக்க மாட்டேன்னுதானே? உன்னைத் தூக்கப்படாதுன்னு சொன்னேன். நீ எப்படிப் போறதுன்னு நான் யோசிக்கவே இல்ல. வீட்டு மானத்த நான் காப்பாத்துறேன்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் அத நீதாம்மா பின்சந்துல உருட்டிக்கிட்டு இருந்திருக்கே."

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கௌசிகாவின் பின்னல் இன்னும் ஒற்றைதான்.

"தாத்தா, என்ன செய்றீங்க? விழுந்துட்டீங்களா?"

"ஆமா. இப்பதான் எந்திரிக்கிறேன்." அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "உங்கம்மாகிட்டக் கேளு. அவ சொல்லுவா."

லீலா மகளைப் பார்த்தாள். எத்தனை வாரங்களாக இந்த ஒரு வாக்கியத்தை அடக்கி வைத்திருந்தாள்!

"நாளைக்கு நாம ரயில்ல போறோம் கௌசி. பார்க்குக்கும் போறோம். நானும் வர்றேன்."

கௌசிகா அசையவில்லை. "தலைவலி வராதா?"

"வராது செல்லம். ஒரு நாளும் வந்ததில்ல."

அந்த வார்த்தைக்குள் இருந்தது முழுவதும் அந்தப் பிள்ளைக்கு விளங்கியது. புத்தகப் பை படியில் விழுந்தது. நான்கு படிகளையும் ஒரே தாவலில் ஏறி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாரிம்மா… சாரிம்மா…" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. லீலா அவளை அழவிட்டு, அழவிட்டே அந்த மறு பின்னலைப் போட்டு முடித்தாள்.

*

சனிக்கிழமை விடியும்போது, சரக்கு வாங்கக் கொழும்புக்குப் போயிருந்த லீலாவின் கணவன் இந்திரஜித் பஸ்ஸால் இறங்கி வந்தான். வீட்டு முன்வாசலைப் பார்த்து அப்படியே நின்றான். பின்சந்தில் லொறிக்கும் ஸ்டோருக்கும் நடுவில் கிடக்கும் பத்தடிப் பலகை, ஆயுத பூசைக்கு மட்டும் சந்தனம் பூசப்படும் அந்தப் பலகை, கருங்கல் படிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டு ஓரத்திலும் புதிதாகச் சந்தனம், குங்குமம்.

விசயம் முழுவதையும் கேட்டுவிட்டு மனைவியிடம் வந்தான். "எனக்குக்கூடச் சொல்லலையே லீலா."

"உங்ககிட்டச் சொன்னா, 'எதுக்கு அளக்கணும், நான் தூக்கிட்டுப் போறேன்'னு நிப்பீங்க."

"தூக்கியிருப்பேன்தான்."

"தெரியும்ங்க. அதுக்குத்தான் சொல்லல." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவன் கணக்குப் பார்த்து, தலை குனிந்தான்.

நாற்காலி பலகையில் இறங்கியது. பின்னால் இந்திரஜித் பிடித்துக்கொண்டான். நான்கு வருடத்துக்குப் பிறகு லீலா தன் வீட்டு முன்வாசலால், யார் கையிலும் தொங்காமல், பஜார் வீதிக்கு வந்தாள். எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்றார். "எங்கம்மா, குடும்பத்தோட?" என்றார். "ரயில் பாக்க" என்றான் அஜந்தன், அம்மாவுக்கு முந்தி.

பிறகு இரண்டு நாட்டாமைகள் பலகையைத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. யாரும் எதிர்பாராமல், சிதம்பரநாதன் சால்வையை மடித்துத் தோளில் வைத்து அந்த முனைக்குத் தோள் கொடுத்தார்.

"ஐயா, விடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று பதறினார்கள்.

"பேசாம நட. எங்கப்பா இந்த ஊருக்கு வந்தப்ப இதத்தான் சொமந்தார்."

ஸ்டேசன் வரைக்கும் அவர் தோளை மாற்றவில்லை.

பலகை பிளாட்போமுக்கும் பெட்டிக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது. கார்ட் மஹத்தயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எண்ட நோனா", வாங்கம்மா என்று சிங்களத்தில் சொல்லி வழிவிட்டார். யாரும் கைபேசியை நீட்டவில்லை. ஒருவேளை நீட்டியிருந்தாலும் அன்று லீலா கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

ஹாலிஎலையைத் தாண்டியதும் தேயிலை மலை இரண்டு பக்கமும் ஏறி வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கை காட்ட, இராக்கம்மா கதவில் நின்று தன் சொந்தக்காரர்களைக் கண்டவள் போல இரண்டு கையையும் ஆட்டினாள். யசோதினியின் மகன் லீலாவின் மடியில் உட்கார்ந்து கடலை தின்றான். காய்ச்சல் எங்கே போனதோ! தெமோதரைச் சுரங்கத்தில் இருட்டியதும் பிள்ளைகள் கத்தினார்கள். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுரங்கத்துக்கு மேலேயே இருக்கும் ஸ்டேசனில் வண்டி வந்து நின்றது.

"அம்மா, நாம இப்ப இதுக்கு அடியாலதானே வந்தோம்?" அஜந்தன் கண்களை விரித்தான்.

"ஆமாடா."

"அப்ப மேல எப்படி வந்தோம்?"

"சுத்தி வந்தோம். கொஞ்சம் நேரமாகும், ஆனா வந்துரலாம்." சொல்லும்போது அவள் கண்கள் நிறைந்தன. கௌசிகா பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினாள். பிறகு அம்மாவின் மடியிலிருந்த முடிச்சில்லாத கயிற்றை எடுத்து, ஸ்டேசன் கழிவறைக் கதவுக்கு ஓடி அளந்துவிட்டு, இரண்டு கையையும் உயரத் தூக்கிக் காட்டினாள். நுழையும்!

இறங்கு வண்டியில் திரும்பி வந்து, பூங்காவில் ஊஞ்சல் ஆடி, றமீலாவின் கடையில் ஐஸ்கிரீம் தின்று, வீடு சேர மாலை ஐந்து மணி. பூங்காப் புல்வெளியில் உட்கார்ந்து அஜந்தன் தன் அம்மாவை மறுபடியும் வரைந்திருந்தான். இந்த முறை ஜன்னல் இல்லை.

முன்வாசலில் பலகை மறுபடியும் படிகளின் மேல் போடப்பட்டது. லீலா ஏறி உள்ளே போனாள். வாசலில் திரும்பி, எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினாள். மாமனார் தலையை மட்டும் அசைத்தார். அவர் வழக்கம் அவ்வளவுதான்.

நாட்டாமை வந்து வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "மொதலாளி, பலகையப் பின்னால கொண்டுபோய்ப் போட்டுறவா? திங்கட்கிழமை லொறி வருது."

சிதம்பரநாதன் தோளை ஒரு முறை தடவிப் பார்த்தார். சால்வையில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார். "லொறிக்கு வேற பலகை வாங்கு."